மூன்று கம்பியின் தரப்பு

சீரியல் கன்சோல் என்று பேச்செடுத்தாலே கணினித் துறையில் பலருக்குக் கொட்டாவி வருகிறது. அது டெலிடைப் காலத்து மிச்சம். எஸ்எஸ்எச் வந்தாயிற்று, உலாவியிலிருந்தே ரவுட்டரை அமைக்கலாம், சர்வர்களே கிளவுடுக்குக் குடிபோய்விட்டன. இனியும் அந்த நீலத் தட்டைக் கேபிளைப் பையில் போட்டுக்கொண்டு திரிவானேன் என்பது பொதுக் கருத்து. அதை ஒட்டிய இன்னொரு கருத்தும் உண்டு. எப்போதாவது அந்தக் கேபிளைச் செருகித்தான் ஆக வேண்டும் என்றாலும், அதற்கென்று பட்டனும் மெனுவும் வைத்த செயலிகள் இருக்க, கருப்புத் திரையில் கட்டளை தட்டி இணைவது வெறும் வீம்பு, தன்னை நிபுணன் என்று காட்டிக்கொள்ளும் ஆசை என்கிறார்கள். இரண்டும் தவறு. இரண்டிலும் இருப்பது ஒரே பிழைதான்: எல்லாம் ஒழுங்காக ஓடும் நாளில் எது வசதி என்று பார்த்து, ஒன்றும் ஓடாத நாளுக்கான கருவியை எடைபோடுகிறார்கள். பழுது பார்க்கும் கருவிக்கு அளவுகோல் வேறு. அது வேலை செய்ய வேண்டுமானால் அதற்கு முன்பே வேறு என்னென்ன வேலை செய்துகொண்டிருக்க வேண்டும் என்று கேட்க வேண்டும். அந்தப் பட்டியல் எவ்வளவு குட்டையோ, கருவி அவ்வளவு நம்பகமானது.

எஸ்எஸ்எச்சின் பட்டியலை எடுத்துக்கொள்வோம். தொலைவில் உள்ள ஒரு லினக்ஸ் சர்வருக்குள் அதன் வழியே நுழைய, அங்கே கெர்னல் முழுதாக பூட் ஆகியிருக்க வேண்டும். ரூட் கோப்பமைப்பு மவுண்ட் ஆகியிருக்க வேண்டும். நெட்வொர்க் கார்டின் டிரைவர் ஏறி, ஐபி முகவரி கிடைத்து, வெளியே போகும் வழி தெரிந்திருக்க வேண்டும். இடையிலுள்ள ஒவ்வொரு சுவிட்சும் ரவுட்டரும் உயிரோடு இருக்க வேண்டும். ஃபயர்வால் விதிகள் வழிவிட வேண்டும். பெயர் சொல்லி அழைத்தால் டிஎன்எஸ் பதில் சொல்ல வேண்டும். எஸ்எஸ்எச் சேவை ஓடிக்கொண்டிருக்க வேண்டும்; அதன் சாவிக் கோப்புகளின் அனுமதிகள் சரியாக இருக்க வேண்டும்; புதிதாக ஒரு புராசஸைத் தொடங்க மெமரி மிச்சம் இருக்க வேண்டும். இதில் ஒன்று பிசகினாலும் கிடைப்பது மௌனம். எது பிசகியது என்பதையும் அந்த மௌனம் சொல்லாது. எஸ்எஸ்எச் மோசமான கருவி என்று இதற்குப் பொருளில்லை. அன்றாட நிர்வாகத்துக்கு அதற்கு நிகர் எதுவும் இல்லை. ஆனால் அதன் வழியே உள்ளே போய் நாம் திருத்துவதெல்லாம் என்ன? ஃபயர்வால் விதிகள், நெட்வொர்க் அமைப்பு, மவுண்ட் பட்டியல், சில நேரம் எஸ்எஸ்எச்சின் அமைப்புக் கோப்பேதான். உட்கார்ந்திருக்கும் கிளையில் கத்தி வைக்கிற வேலை அது. பெரும்பாலும் கிளை முறிவதில்லை என்பதால் அந்த ஆபத்து கண்ணில் படுவதில்லை.

இனி சீரியல் கன்சோலின் பட்டியல். அனுப்ப ஒரு கம்பி, வாங்க ஒரு கம்பி, பொதுவான தரை ஒரு கம்பி. ஆர்எஸ்-232 என்ற தரநிலையை அமெரிக்க மின்னணுத் தொழில் சங்கம் 1960-ல் வெளியிட்டது. அதில் கூடுதல் கம்பிகள் உண்டு என்றாலும் கன்சோலுக்கு இந்த மூன்றே போதும். முகவரி இல்லை, கைகுலுக்கல் இல்லை, பேச்சுவார்த்தை இல்லை. இரு முனையும் ஒரே வேகத்தை முன்கூட்டியே அறிந்திருந்தால் சரி. 9600 என்றால் நொடிக்கு 9600 பிட். தொடக்க பிட் ஒன்று, தரவு எட்டு, நிறுத்த பிட் ஒன்று என எழுத்துக்குப் பத்து பிட் போக, நொடிக்கு 960 எழுத்துகள் வரும். 80 பத்தியும் 24 வரியும் கொண்ட ஒரு திரை நிரம்ப இரண்டு நொடி ஆகும். இன்றைய கண்ணுக்கு இது ஆமை வேகம். ஆனால் அந்தப் பக்கத்தில் நடக்கும் வேலை எவ்வளவு சிறியது என்று பாருங்கள். பழைய 8250 வகைச் சில்லில், ஒரு பதிவேட்டில் பைட்டை எழுது, இன்னொரு பதிவேட்டைப் பார்த்து அது போய்விட்டதா என்று காத்திரு, அவ்வளவுதான். இன்டரப்ட் நின்றுபோன பிறகும், மெமரி தீர்ந்த பிறகும், டிஸ்க் செத்த பிறகும் இதைச் செய்ய முடியும். கெர்னல் பீதியில் விழும்போது கடைசி வார்த்தை சொல்ல லினக்ஸ் இந்த வழியை நாடுவதற்குக் காரணம் இதுதான். மானிட்டர் இருந்தால் அந்தச் செய்தியின் கடைசிச் சில வரிகள் திரையில் உறைந்து நிற்கும். காரணம் சொல்லும் முதல் வரிகள் அதற்கு முன்பே மேலே ஓடிப்போயிருக்கும். சீரியல் கம்பியின் மறுமுனையில் ஒரு கோப்பு திறந்திருந்தால் முதல் வரியிலிருந்து எல்லாம் அதில் இருக்கும்.

இந்தக் கம்பி சொல்வதைக் கேட்க மட்டும் உதவுவதில்லை. ஓர் எழுத்தின் நீளத்தையும் தாண்டி கம்பியை ஒரே நிலையில் பிடித்து வைத்தால் அதற்கு பிரேக் என்று பெயர். எந்த எழுத்தோடும் குழம்ப முடியாத சமிக்ஞை அது. அந்த வசதியை இயக்கி வைத்திருக்கும் லினக்ஸில், பிரேக் அனுப்பி ஐந்து நொடிக்குள் ஓர் எழுத்தைத் தட்டினால், திணறிக்கொண்டிருக்கும் கெர்னலிடமே நேராகப் பேசலாம்: டிஸ்க்கில் எழுத வேண்டியதை எழுதச் சொல்லலாம், ஓடும் வேலைகளின் நிலையைக் கக்கச் சொல்லலாம், மறுதொடக்கம் செய்யச் சொல்லலாம். சிஸ்கோ ரவுட்டரில் கடவுச்சொல் தொலைந்துபோனால் மின்சாரம் கொடுத்ததும் முதல் நிமிடத்துக்குள் பிரேக் அனுப்பி ராம்மான் என்ற அடித்தளத்தில் நிறுத்துவதுதான் வழக்கமான மீட்பு முறை. உலாவிப் பக்கம் எவ்வளவு அழகாக இருந்தாலும், கடவுச்சொல் இல்லாத அந்த நேரத்தில் அதனால் பயனில்லை. வீட்டு வைஃபை ரவுட்டரில் ஓபன்டபிள்யூஆர்டி என்ற மாற்று இயங்குதளத்தை ஏற்றப் போய்ப் பாதியில் கெடுத்துக்கொண்டவர்களும், மற்ற மீட்பு வழிகள் கைவிட்ட பின் வந்து நிற்பது பலகையில் உள்ள அந்த மூன்று ஊசிகளின் முன்னால்தான்.

இதெல்லாம் தனி இயந்திரங்களின் சின்னக் கதை, பெரிய நிறுவனங்களுக்குப் பொருந்தாது என்று நினைத்தால் 2021 அக்டோபர் 4-ஐ நினைவுபடுத்திக்கொள்ளலாம். அன்று ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸாப் மூன்றும் ஏறக்குறைய ஆறு மணி நேரம் உலகத்திலிருந்தே காணாமல் போயின. முதுகெலும்பு நெட்வொர்க்கின் கொள்ளளவை மதிப்பிடுவதற்காக வழக்கமான பராமரிப்பில் ஒரு கட்டளை கொடுக்கப்பட்டது; அது தரவு மையங்களுக்கு இடையிலான இணைப்புகளையே அறுத்துவிட்டது. அப்படிப்பட்ட கட்டளைகளைத் தடுக்க வைத்திருந்த தணிக்கைக் கருவியில் ஒரு பிழை இருந்ததால் அது தடுக்கவில்லை. தரவு மையங்களோடு பேச முடியாத டிஎன்எஸ் சர்வர்கள், தங்கள் இணைப்பு நலமாக இல்லை என்று தாங்களே முடிவுகட்டி, தங்கள் முகவரிகளின் பிஜிபி அறிவிப்பைத் திரும்பப் பெற்றுக்கொண்டன. சிக்கலை ஆராய உதவும் உள் கருவிகளும் அதே டிஎன்எஸ்ஸை நம்பியிருந்ததால் அவையும் படுத்துவிட்டன. நிறுவனமே வெளியிட்ட விளக்கத்தில் முக்கியமான வரி எது என்றால், வழக்கமான நெட்வொர்க்கோடு, அவசரத்துக்கென்று தனியாக வைத்திருந்த மாற்று நெட்வொர்க்கும் கைகொடுக்கவில்லை என்பதுதான். கடைசியில் பொறியாளர்களைத் தரவு மையங்களுக்கே நேரில் அனுப்ப வேண்டியதாயிற்று. இதைச் சீரியல் கன்சோலின் வெற்றிக் கதையாக நான் சொல்லவில்லை. நெட்வொர்க்கை நம்பி நெட்வொர்க்கை நிர்வகித்ததன் தோல்விக் கதை இது.

அடுத்த ஆண்டு கனடாவில் இதே பாடம், இன்னும் கசப்பாக. 2022 ஜூலை 8 அதிகாலை, ராஜர்ஸ் தொலைத்தொடர்பு நிறுவனத்தின் மைய நெட்வொர்க்கை மேம்படுத்தும் பணி ஏழு கட்டங்களில் ஆறாவதில் இருந்தது. விநியோக ரவுட்டர்களில் இருந்த ஒரு வடிகட்டி விதி நீக்கப்பட, வழித்தகவல் வெள்ளம் போலப் பாய்ந்து மைய ரவுட்டர்கள் மூழ்கின. ஒரு கோடியே இருபது லட்சத்துக்கும் மேலான வாடிக்கையாளர்களுக்குக் கைபேசியும் இணையமும் நின்றன. அவசர உதவிக்கான 911 அழைப்புகளும் பலருக்குப் போகவில்லை. டெபிட் அட்டை வைத்திருந்தவர்கள் கடைகளில் கையைப் பிசைந்தார்கள். கனடாவின் ஒழுங்குமுறை ஆணையத்துக்காகப் பின்னர் நடத்தப்பட்ட ஆய்வு தெளிவாகச் சொன்னது: ரவுட்டர்களை நிர்வகிக்கும் நெட்வொர்க்கு தனித்து நிற்கவில்லை, அதே மைய நெட்வொர்க்கைச் சார்ந்திருந்தது. மையம் விழுந்ததும், என்ன ஆயிற்று என்று சொல்லும் பதிவுகளைப் பார்ப்பதற்கான வழியும் அதோடு விழுந்தது. ஊழியர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளக்கூட வேறு நிறுவனங்களின் சிம் கார்டுகளை வாங்கிக் கொடுக்க நேர்ந்தது.

இங்கே எதிர்த்தரப்பு ஒரு நியாயமான கேள்வி கேட்கும். இந்த இரு நிகழ்வும் காட்டுவது மாற்று நெட்வொர்க்கின் தேவையைத்தானே, சீரியல் கன்சோலின் தேவையை அல்லவே? பாதி உண்மை. தனி நெட்வொர்க்கு என்பது இயந்திரத்தின் வாசல்வரை போகும் சாலை. வாசலில் எந்தக் கதவைத் தட்டுவது என்பது அடுத்த கேள்வி. அந்தச் சாலையின் முடிவிலும் ரவுட்டரின் நிர்வாக ஈதர்நெட் போர்ட்டே இருந்தால், அந்தப் போர்ட் உயிரோடு இருக்க ரவுட்டரின் இயங்குதளம் பூட் ஆகியிருக்க வேண்டும், அதன் ஐபி அமைப்பு கெடாமல் இருக்க வேண்டும். மேம்படுத்தும்போது பாதியில் நின்ற ரவுட்டரில் அந்த இரண்டுமே உறுதியில்லை. சீரியல் போர்ட் மட்டும்தான் பூட்லோடரின் முதல் வரியிலிருந்தே பேசுகிறது. கவனமாகக் கட்டப்பட்ட மாற்று நெட்வொர்க்குகளில் ஒவ்வொரு ரேக்கிலும் கன்சோல் சர்வர் என்ற பெட்டி இருப்பதும், அதிலிருந்து பல சீரியல் கேபிள்கள் ஒவ்வொரு சாதனத்துக்கும் போவதும் பழம்பெருமைக்காக அல்ல.

இன்னொரு தடை சர்வர்களைப் பற்றியது. இப்போதைய சர்வர் ஒவ்வொன்றிலும் பிஎம்சி என்ற தனிச் சிறு கணினியே உட்கார்ந்திருக்கிறது. உலாவியில் திரையைக் காட்டுகிறது, விசைப்பலகையைத் தருகிறது, மின்சாரத்தையே அணைத்துப் போடுகிறது. அப்புறம் எதற்கு இந்தக் கேபிள் என்கிறார்கள். பிஎம்சி பயனுள்ளது, மறுக்கவில்லை. ஆனால் அதன் பட்டியலையும் எண்ண வேண்டும். அது தானே ஒரு லினக்ஸ் கணினி, அதற்குத் தன் நெட்வொர்க்கு, தன் வெப் சர்வர், தன் பாதுகாப்பு ஓட்டைகள். பிஎம்சியோடு பேசப் பயன்படும் ஐபிஎம்ஐ 2.0 தரநிலையில், உள்ளே வருபவர் யார் என்று சரிபார்க்கும் முன்பே கடவுச்சொல்லின் ஹேஷைக் கேட்டவருக்கு எடுத்துக் கொடுக்கும் குறை இருப்பது 2013-ல் வெளிவந்தது. அது நிரலின் தவறுகூட அல்ல, தரநிலையிலேயே எழுதப்பட்ட நடைமுறை. பல உற்பத்தியாளர்கள் பயன்படுத்தும் மெகாரேக் பிஎம்சி மென்பொருளில் கடவுச்சொல்லே இல்லாமல் உள்ளே நுழைய விடும் ஓட்டை ஒன்று, நடப்பில் சுரண்டப்படும் ஓட்டைகளின் பட்டியலில் 2025 ஜூனில் அமெரிக்க இணையப் பாதுகாப்பு முகமையான சிசாவால் சேர்க்கப்பட்டது. இவற்றைவிடச் சுவையான விஷயம் ஒன்று உண்டு. அதே ஐபிஎம்ஐ 2.0-ன் முக்கிய வசதிகளில் ஒன்று சீரியல் ஓவர் லேன்: சர்வரின் சீரியல் போர்ட்டிலிருந்து வருவதை வாங்கி நெட்வொர்க்கில் அனுப்புவது. சீரியல் கன்சோலை ஓய்வுபெற வைக்க வந்ததாகச் சொல்லப்படும் கருவி, தன் வயிற்றுக்குள் ஒரு சீரியல் கன்சோலைச் சுமந்துகொண்டு வந்திருக்கிறது.

கிளவுட் கதையும் அப்படியே. கம்பியே இல்லாத இடத்தில் கன்சோல் எதற்கு என்று கேட்டவர்கள், அமேசானும் மைக்ரோசாஃப்ட்டும் கூகுளும் அதை ஏன் மென்பொருளில் மறுபடி கட்டினார்கள் என்று விளக்க வேண்டும். அஸூரில் சீரியல் கன்சோல் 2018-ல் வந்தது. அமேசானின் இசி2-வில் 2021 மார்ச்சில் வந்தது. கூகுள் கிளவுடிலும் உண்டு. அதற்கு முன்பு இசி2-வில் மவுண்ட் பட்டியலில் ஒரு வரி தவறி, இயந்திரம் பூட் ஆகாமல் நின்றால், அதை நிறுத்தி, ரூட் டிஸ்க்கைக் கழற்றி, இன்னொரு இயந்திரத்தில் மாட்டி, திருத்தி, மறுபடி கழற்றி மாட்ட வேண்டியிருந்தது. ஒற்றை வரித் திருத்தத்துக்கு இத்தனை அறுவைச் சிகிச்சை. இப்போது உள்ளே நுழைந்தால் தெரிவது என்ன? 115200 வேகம் என்று பாவனை செய்யும் ஒரு கற்பனை சீரியல் போர்ட்; அதில் லினக்ஸின் பழைய உள்நுழைவு வரி. உலகத்தின் மிகப் பெரிய தரவு மையங்களைக் கட்டியவர்கள், எந்த மரபுச் சுமையும் இல்லாமல் புதிதாக வரைய வாய்ப்பிருந்த இடத்திலும் இதையே வரைந்தார்கள். வாடிக்கையாளர்களின் இயந்திரங்கள் எந்த இயங்குதளத்தில் எப்படிக் கெட்டாலும் பேசக்கூடிய ஆகச் சிறிய பொதுமொழி எது என்று தேடினால் வந்து சேரும் இடம் இதுதான்.

சரி, கன்சோல் வேண்டும். அதற்குக் கட்டளைவரி எதற்கு? புட்டியோ டெரா டெர்மோ போதாதா? போதும், சில இடங்களில். விண்டோஸ் மடிக்கணினியை ரவுட்டரின் முன்னால் வைத்துக்கொண்டு ஒரு முறை கடவுச்சொல் மாற்றுகிறவருக்கு புட்டி நல்ல கருவி. அதைக் குறைசொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அதே அளவுகோலை இங்கேயும் வைத்தால் வேறுபாடு தெரியும். சன்னல் வைத்த செயலி ஓட வேண்டுமானால் அது ஓடும் கணினியில் திரையும் வரைகலைச் சூழலும் இருக்க வேண்டும். அந்தக் கணினி நம் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். சீரியல் கேபிள் வெகுதூரம் போகாது என்பதால், கன்சோலை நிஜமாகவே நம்ப நினைப்பவர் கேபிளின் மறுமுனையில் ஒரு சிறு கணினியை நிரந்தரமாக வைப்பார். ரேக்கின் மூலையில் ஒரு ராஸ்பெரி பை, அதில் யூஎஸ்பி-சீரியல் கேபிள்கள் இரண்டு மூன்று, வெளியுலகத் தொடர்புக்கு வேறு நிறுவனத்தின் 4ஜி மோடம். அதற்குள் எஸ்எஸ்எச்சில் போய் பிக்கோகாம் என்ற சீரியல் கட்டளையைத் தட்டினால் ரவுட்டரின் கன்சோல் கையில். மானிட்டரே இல்லாத அந்தச் சிறு பெட்டியில் சன்னலுக்கு இடம் ஏது? அதை டிமக்ஸுக்குள் ஓடவிட்டால், இடையில் 4ஜி அறுந்தாலும் அமர்வு அங்கேயே நிற்கும். இன்னொரு ஊரில் இருக்கும் சகாவும் அதே திரையில் வந்து சேர்ந்துகொள்ளலாம்.

கட்டளைவரியின் நிஜப் பெறுமானம் இன்னும் ஒரு படி உள்ளே இருக்கிறது. கன்சோலிலிருந்து வருவது எழுத்துகளின் ஓட்டம்; கட்டளைவரிக் கருவி அதை ஓட்டமாகவே விட்டுவைக்கிறது. கோப்பில் சேமிக்கலாம், ஒவ்வொரு வரியிலும் நேரம் குறிக்கலாம், ஒரு சொல்லைத் தேடும் நிரலுக்கு ஊட்டலாம். டான் லிப்ஸ் 1990-ல் வெளியிட்ட எக்ஸ்பெக்ட் என்ற கருவி, மனிதன் பதில் தட்ட வேண்டிய இடங்களில் தானே காத்திருந்து பதில் தட்டுவதற்கென்றே எழுதப்பட்டது. அந்த வகை உத்தியால், நாற்பது சுவிட்சுகளின் கன்சோலில் நுழைந்து, பூட்லோடரை நிறுத்தி, புதிய மென்பொருள் ஏற்றி, உள்நுழைவு வரி வரும்வரை காத்திருப்பதை ஒரே ஸ்கிரிப்ட் செய்யும். லினக்ஸ் கெர்னலின் ஒவ்வொரு மாற்றத்தையும் விதவிதமான பலகைகளில் சோதித்துப் பார்க்கும் கெர்னல்சிஐ ஆய்வகங்களில் லாவா என்ற அமைப்பு செய்வதும் இதேதான்: மின்சாரம் கொடு, சீரியல் கன்சோலைப் படி, பூட் ஆனதா பார். மெனுவைத் திறந்து, டிக் போட்டு, லாக் கோப்பின் பெயரைத் தேர்ந்தெடுக்கும் முறை ஒரு பலகைக்குச் சுகம். நூறாவது பலகைக்குத் தண்டனை. இன்னொன்று: விண்டோஸோடு பல ஆண்டுகள் வந்த ஹைப்பர்டெர்மினல், விஸ்டாவில் காணாமல் போயிற்று. அதன் மெனுக்களை மனப்பாடம் செய்தவர்களின் அறிவு ஒரே பதிப்பில் செல்லாக்காசானது. யுனிக்ஸின் சியூ கட்டளை அதற்கும் பல ஆண்டுகள் மூத்தது. ஓபன்பிஎஸ்டியில் இன்றும் அடிப்படை அமைப்போடேயே வருகிறது, வரியின் தொடக்கத்தில் டில்டேயும் புள்ளியும் தட்டினால் இன்றும் வெளியே வருகிறது.

கட்டளைகள் நினைவில் நிற்பதில்லை என்ற முறையீட்டை நான் அலட்சியப்படுத்த மாட்டேன். புதிதாக வருபவர் தடுக்கி விழும் இடங்கள் உண்டு, அவை அற்பமானவையும் அல்ல. ஸ்க்ரீன் என்று தட்டி உள்ளே போனவருக்கு வெளியே வரத் தெரியாது. சன்னலை அப்படியே மூடிவிடுவார். அமர்வு பின்னணியில் உயிரோடு இருந்துகொண்டு போர்ட்டைப் பிடித்து வைத்திருக்கும். அடுத்த முறை போர்ட் திறக்காது. சொல்லப்போனால் ஸ்க்ரீன் இதற்கென்று எழுதப்பட்ட கருவியே அல்ல, பக்கவாட்டில் ஒட்டிக்கொண்ட வசதி. எங்கும் கிடைக்கிறது என்பதாலேயே எல்லோரும் அதைச் சொல்லிக் கொடுக்கிறார்கள். பிக்கோகாமும் டியோவும் அதைவிட நேர்மையானவை. உள்ளே போகும்போதே கட்டளைகளைக் காண எந்த விசை என்று சொல்லிவிடுகின்றன. டெபியன் வழி வந்த லினக்ஸில் டயல்-அவுட் என்ற குழுவில் பயனர் இல்லாவிட்டால் அனுமதி மறுக்கப்படும். பழக்கமில்லாதவர் எல்லாவற்றையும் ரூட்டாக ஓட்டி அதைத் தீர்ப்பார். மேக்கில் ஒரே கேபிள் இரண்டு பெயர்களில் தெரியும்: டிடிஒய் என்று தொடங்குவது மறுமுனையிலிருந்து கேரியர் சமிக்ஞை வரும்வரை காத்துக் கிடக்கும், சியூ என்று தொடங்குவது காத்திருக்காது, மூன்று கம்பி மட்டும் உள்ள கேபிளில் முதல் பெயரைக் கொடுத்தவர் வெற்றுத் திரையைப் பார்த்துக்கொண்டே இருக்க நேரலாம். வேகம் பொருந்தாவிட்டால் குப்பை எழுத்துகள் கொட்டும். ஆனால் கவனியுங்கள்: இந்தத் தடுமாற்றங்களில் பெரும்பாலானவை சன்னல் செயலியிலும் அப்படியே உண்டு. வேகத்தை அங்கேயும் நீங்கள்தான் சொல்ல வேண்டும். போர்ட்டின் எண்ணை அங்கேயும் தேடத்தான் வேண்டும். மெனு அவற்றை மறைக்கிறது, நீக்குவதில்லை. மறைத்த ஒன்று தவறும்போது தேட இடமும் இல்லாமல் போகிறது.

என் வாதத்துக்கே எதிரான ஒரு சான்றை நானே வைக்க வேண்டும். கம்பி மூன்றுதான், ஆனால் இன்றைய மடிக்கணினியில் சீரியல் போர்ட் இல்லை. இடையில் ஒரு யூஎஸ்பி மாற்றிச் சில்லு வந்துவிட்டது, அதற்கு ஒரு டிரைவர் வந்துவிட்டது. பட்டியல் நீண்டுவிட்டது. 2014-ல் எஃப்டிடிஐ நிறுவனத்தின் விண்டோஸ் டிரைவர், விண்டோஸ் அப்டேட் வழியே வந்திறங்கி, போலிச் சில்லுகளைக் கண்டால் அவற்றின் அடையாள எண்ணைச் சுழியமாக மாற்றி எழுதியது; முந்தைய நாள் வேலை செய்த கேபிள் மறுநாள் எந்தக் கணினிக்கும் அடையாளம் தெரியாத பொருளானது. தான் வாங்கிய கேபிளுக்குள் இருப்பது போலி என்றே அறியாதவர்கள்தான் அதில் மாட்டிக்கொண்டார்கள். எதிர்ப்பு கிளம்பி அந்த டிரைவர் திரும்பப் பெறப்பட்டது. ஆகவே அவசர காலப் பையில் வெவ்வேறு சில்லு கொண்ட இரண்டு கேபிளாவது இருப்பது புத்திசாலித்தனம். மின்னழுத்தமும் கவனத்துக்குரியது: ஆர்எஸ்-232 வரி ஏறத்தாழ 12 வோல்ட் வரை மேலும் கீழும் ஆடும், ராஸ்பெரி பையின் ஊசிகளோ 3.3 வோல்ட்டுக்கு மேல் தாங்காது. தவறான கேபிளைச் செருகினால் பலகை போய்விடும். இந்தக் குறைகளை எல்லாம் ஒப்புக்கொண்ட பிறகும் ஒப்பீடு மாறவில்லை. கூடுதல் சார்பு என் கையில் இருக்கும் நல்ல கணினியில் இருக்கிறது; நோய்ப்பட்ட இயந்திரத்தின் பக்கம் அதே மூன்று கம்பிதான்.

அந்தப் பக்கமும் போர்ட் மறைந்துகொண்டே வருகிறதே என்று கேட்கலாம். ஒன்பது ஊசி இணைப்பி மறைகிறது, உண்மை. சீரியல் மறையவில்லை. ஆப்பிளின் எம்1 கணினிகள் வெளித்தோற்றத்தில் சீரியல் போர்ட் எதுவும் இல்லாதவை; ஆனால் யூஎஸ்பி-சி துளையின் ஊசிகளுக்குள்ளேயே 1.2 வோல்ட்டில் பேசும் ஒரு சீரியல் கன்சோலை ஆப்பிள் வைத்திருக்கிறது. அசாஹி லினக்ஸ் குழுவினர் அந்தக் கணினிகளில் லினக்ஸை ஏற்ற முனைந்தபோது, திரைக்கும் விசைப்பலகைக்கும் டிரைவர் எதுவும் இல்லாத கட்டத்தில் பிடித்துக்கொள்ளக் கிடைத்த நூல் அதுதான். புதிய வன்பொருளை உயிர்ப்பிக்கிறவர்கள் முதலில் தேடுவது இன்றும் அந்த ஒற்றைச் சமிக்ஞையைத்தான். பயனருக்குத் தெரியாமல் ஒளித்து வைத்திருப்பதைப் பார்த்து, வழக்கொழிந்துவிட்டது என்று முடிவுகட்டுகிறோம்.

பாதுகாப்பு பற்றிய தடை கனமானது. சீரியல் போர்ட்டைத் தொட்டவர் இயந்திரத்தின் எஜமான் என்பது கிட்டத்தட்ட உண்மை. பூட்லோடரை நிறுத்தி ரூட் ஷெல்லுக்குள் நுழைவது கருவிகளை உடைத்துப் பார்ப்போரின் பால பாடம். பல பேர் வந்துபோகும் வாடகைத் தரவு மையத்தில், நிர்வாகி வெளியேறாமல் கழற்றிவிட்டுப் போன கன்சோல், அடுத்துச் செருகுபவருக்கு அதே அனுமதியோடு திறக்கும். கேபிள் கழன்றதை மூன்று கம்பியால் அறிவிக்க முடியாது என்பதால் மறுமுனை அமர்வை முடிப்பதில்லை. எனவே காலக்கெடு வைத்துத் தானே வெளியேற்றும் அமைப்பும், பூட்லோடருக்குக் கடவுச்சொல்லும் கட்டாயம். ஆனால் இதைக் காரணம் காட்டிக் கன்சோலை அணைப்பவர்கள், அதே இயந்திரத்தில் உலகம் முழுதும் கதவைத் தட்டக்கூடிய வெப் நிர்வாகப் பக்கத்தைத் திறந்து வைத்திருப்பதைப் பார்க்கும்போது சிரிப்பு வருகிறது. முன்னதைத் தாக்க ஒருவன் கட்டடத்துக்குள் வர வேண்டும். அமேசான் தன் கற்பனை கன்சோலுக்கு அந்தக் கட்டடச் சுவரையும் கற்பனையில் கட்டியிருக்கிறது: கணக்கின் அளவிலேயே அது அணைந்தே இருக்கும், பொறுப்பானவர் அனுமதித்தால்தான் திறக்கும், அதற்கு மேல் இயங்குதளத்தில் கடவுச்சொல் உள்ள பயனரும் வேண்டும்.

கடைசியாக வேகம். எதிர்த்தரப்பின் வலுவான ஆயுதம் இதுதான். 115200-லும் ஓர் எழுத்து போக ஏறக்குறைய 87 மைக்ரோ நொடி ஆகும். கெர்னல் நூறு எழுத்து கொண்ட ஒரு வரியைக் கன்சோலுக்குத் தள்ளினால் பிராசசர் ஒன்று எட்டு மில்லி நொடிக்கு மேல் வேறு வேலை செய்யாமல் காத்திருக்கும். செய்திகள் கொட்டும்போது சர்வரே உறைந்துபோகும் அளவுக்கு இது வளரும். இயந்திரக் கைகளையும் ஒலிக் கருவிகளையும் மைக்ரோ நொடிக் கணக்கில் ஆள வேண்டிய நிகழ்நேர லினக்ஸுக்கு இது சகிக்க முடியாத தாமதம். பிரீஎம்ப்ட்-ஆர்டி எனப்படும் அந்தத் திட்டம் மைய கெர்னலில் சேர முடியாமல் ஆண்டுக்கணக்கில் நின்றதற்குக் கடைசி முட்டுக்கட்டையே கன்சோலில் அச்சிடும் இந்தப் பகுதிதான். சீரியல் கன்சோலைத் தூக்கி எறிய யாருக்காவது நியாயமான காரணம் இருந்தது என்றால் அவர்களுக்குத்தான் இருந்தது. அவர்கள் எறியவில்லை. ஜான் ஓக்னெஸ் முதலானோர் பல ஆண்டுகள் உழைத்து அச்சிடும் முறையைத் திருத்தி எழுதினார்கள்: சாதாரண நேரத்தில் ஒவ்வொரு கன்சோலுக்கும் தனி இழை நிதானமாக எழுதிக்கொண்டிருக்கும், யாரையும் காக்க வைக்காது, கெர்னல் பீதியில் விழுந்தால் மட்டும், எழுதிக்கொண்டிருப்பவரிடமிருந்து கன்சோலைப் பிடுங்கி, கடைசிச் செய்தியை நேரடியாகக் கம்பியில் தள்ளும். அந்த அடித்தளம் சேர்ந்த பிறகே, 2024-ல் வெளிவந்த 6.12 பதிப்பில் நிகழ்நேர ஆதரவு மைய லினக்ஸில் இடம்பெற்றது.